மைக் வாங்கினால் நம்பிக்கை வருமா?

கயத்தாறில் ஒலிப்பதிவுக்கு உட்காருகிறவருக்கு முதல் இடைஞ்சல் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கி வரும் மேல்காற்றுக்கு இந்த ஊர் நேர்வழி. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்தை மத்திய அரசின் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இங்கேதான் வைத்திருக்கிறது. அந்தக் காற்று செல்போன் மைக்கில் நேராக விழுந்தால் பேச்சு அமுங்கிப்போய், படபடவென்ற இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

அதனால் 'முதலில் விலைகூடிய மைக், அப்புறம் ஸ்டூடியோ, அதற்கப்புறம்தான் பாட்காஸ்ட்' என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. அதில் பாதி உண்மை. எரின் நியூமன், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே விஞ்ஞானி, ஒரே பேச்சு. ஒரு தரப்பினருக்குத் தெளிவான ஒலியில், மறுதரப்புக்கு மோசமான ஒலியில் போட்டுக் காட்டினார்கள். மோசமான ஒலியைக் கேட்டவர்கள் பேச்சை மட்டுமல்ல, பேசியவரின் திறமையையும் ஆய்வின் தரத்தையும் சேர்த்தே குறைவாக மதிப்பிட்டார்கள். ஆக, ஒலித்தெளிவு நம்பிக்கையைத் தொடுகிறது என்பது மெய்.

ஆனால் தெளிவு வேறு, விலை வேறு. வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம், மைக்கின் மேல் ஒரு பஞ்சு உறை, காற்றுவராமல் அடைத்த ஜன்னல்: முக்கால்வாசி வேலை இதில் முடிந்துவிடும். காலியாகக் கிடக்கும் கான்கிரீட் அறையில் குரல் எதிரொலிக்கும். துணிமணி, மெத்தை, பருத்தித் தாட்டு கிடக்கும் அறையில் எதிரொலி அடங்கிவிடும். ஸ்டூடியோக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கும் கண்டென்சர் வகை மைக்கை அப்படி அடக்கமில்லாத அறையில் வைத்தால், தெருவில் போகிற லாரியையும் அது சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அங்கே சட்டையில் மாட்டும் சாதாரணக் காலர் மைக்கே மேல். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். பேச்சை மட்டும் மோனோவில் 64 கேபிபிஎஸ் தரத்தில் ஏற்றினால் அரை மணி நேர எபிசோடு சுமார் 14 எம்பி. சிக்னல் குறைவான ஊரில் இருப்பவரும் இறக்கிக் கேட்டுவிடலாம்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிபிசி தமிழோசை 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் வந்தது. சிற்றலை என்றால் ஏறும், இறங்கும், சில நாள் இரைச்சலுக்குள் குரலைத் தேட வேண்டியிருக்கும். இலங்கைப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் குரலைத்தான் காத்திருந்து கேட்டார்கள். டெல்லியிலிருந்து ஆகாசவாணிச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் முகத்தைப் பலர் பார்த்ததே இல்லை. குரல் தெரியும், நேரம் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அந்த 'நேரம் தெரியும்' என்பதை இன்றைய பாட்காஸ்ட்காரர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். உலகத்துப் பாட்காஸ்ட்களைத் திரட்டி வைக்கும் 'பாட்காஸ்ட் இண்டெக்ஸ்' பட்டியலில் 40 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. கடந்த 90 நாளில் ஏதாவது புதிதாக வெளியிட்டவை அவற்றில் சில லட்சம்தான். மற்றவை நின்றுபோனவை. மைக் நன்றாக இல்லாததால் நின்றவை அதில் மிகச் சிலவாகவே இருக்கும். அடுத்த வாரம் சொல்ல விஷயம் இல்லாமல் நின்றவைதான் அதிகம் என்று தோன்றுகிறது.

*

"பெரிய நிபுணரைப் பேசவைத்தால் ஜனங்கள் தானாக நம்புவார்கள்."

இந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அதுவும் நம்மைப் போலப் பருத்தி விளைகிற குஜராத்தில்.

அங்கே அகமதாபாதைச் சேர்ந்த டெவலப்மென்ட் சப்போர்ட் சென்டர் என்ற தொண்டு நிறுவனம் விவசாயிகளுக்காக வானொலி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஐபிஎம் ஆய்வகமும் சேர்ந்து அதற்கு ஒரு போன் சேவையை உருவாக்கின. பெயர் 'அவாஜ் ஓட்லோ'. சாதாரண பட்டன் போனிலிருந்து அழைத்தால் பழைய நிகழ்ச்சிகளைக் கேட்கலாம், தன் குரலிலேயே கேள்வியைப் பதியலாம், மற்ற விவசாயிகளின் கேள்வியையும் பதிலையும் கேட்கலாம். 2009-ல் நடந்த முதல் சோதனையில் விவசாயிகள் அதிகம் புழங்கியது அந்தக் கேள்வி பதில் பகுதியில்தான்.

அடுத்து நீல் பட்டேல் என்ற ஆய்வாளரும் தோழர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஏழு விவசாயக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு வகைக் குரலில் பதிந்தார்கள்: ஒன்று வேளாண் விஞ்ஞானிகளின் குரல், மற்றது விவசாயிகளின் குரல். செய்தி ஒன்றுதான். 300-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு அவற்றைப் போனில் அனுப்பி, மேலும் தெரிந்துகொள்ள அழைக்கலாம் என்றும் சொன்னார்கள். விவசாயி பேசிய குறிப்புக்கே கூடுதல் பேர் திரும்ப அழைத்தார்கள். ஆனால் நேர்காணலில், 'யார் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும்?' என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில்: விஞ்ஞானி.

வாய் ஒன்று சொல்கிறது, கை இன்னொன்று செய்கிறது. ஆய்வு 2012-ல் வெளியானது. பாட்காஸ்ட் தொடங்குகிற எவரும் இதை முதலில் படிக்க வேண்டும். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்போரிடம் கருத்துக் கேட்டு மட்டும் நிகழ்ச்சியை வடிவமைத்தால், வரிசையாக டாக்டர்களையும் பேராசிரியர்களையும் உட்காரவைக்கச் சொல்வார்கள். உட்காரவைத்த பிறகு கேட்க வர மாட்டார்கள்.

இதை வைத்து விஞ்ஞானியே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தப்பு. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கென்றே ரகங்களைத் தேடிய இடம் அது. கருங்கண்ணிப் பருத்தி ரகங்களும் சோள ரகங்களும் அங்கிருந்து வந்தவை. அந்த நிலையத்தின் சொல் இல்லாமல் கரிசல் விவசாயத்தைப் பற்றிப் பேச முடியாது. அந்த ரகத்தைப் போட்டு, மழை தப்பிய வருஷத்தில் என்ன கண்டேன் என்று சொல்ல பக்கத்தூர்க்காரர் ஒருவரும் அதே எபிசோடில் இருக்க வேண்டும். அதுதான் விஷயம்.

ஏன் இப்படி? இதற்கு விடை தமிழ்நாட்டு வானொலி வரலாற்றிலேயே கிடக்கிறது.

1960-களில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 என்ற நெல் ரகம் வந்தது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ரகத்தையும் இணைத்து உண்டாக்கியது, குறுவைக்குப் பொருந்துவது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சை மாவட்டத்தில் அது பரவிய வேகத்தில் விவசாயிகள் அதற்கு 'வானொலி நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போய் ரேடியோ நெல் இருக்கா என்றுதான் கேட்டார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கதை. ஊடகத்தின் வல்லமைக்கு இதை உதாரணம் காட்டுவது வழக்கம்.

ஆனால் குரல் மட்டும் அதைச் செய்யவில்லை. தஞ்சையில் அப்போது தீவிர விவசாய மாவட்டத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வானொலியில் சொன்ன விதை டிப்போவில் இருந்தது. சந்தேகம் கேட்க ஊருக்கு வந்துபோகிற ஊழியர் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் போட்டவரின் வயல் எல்லோர் கண்ணிலும் பட்டது. வரப்பில் நின்று பார்த்து, கதிரைக் கையில் பிடித்து, வானொலி சொன்னது சரிதான் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. சோதித்துப் பார்க்கக்கூடிய சொல்லைச் சொன்னதால் அந்த வானொலி நம்பப்பட்டது.

அதற்கும் பத்து வருஷம் முன்னால், 1956-ல், யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை நடத்தியது. வாரம் இருமுறை அரை மணி நிகழ்ச்சி, மொத்தம் 20. ஊரார் கூடிக் கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் விவாதிக்க வேண்டும், கேள்விகளை நிலையத்துக்கு எழுத வேண்டும், நிலையம் அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் சொல்ல வேண்டும். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் அதை மதிப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் விவசாயம், சுகாதாரம் பற்றிய அறிவு நன்றாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அந்த அளவு மாற்றம் இல்லை.

இன்றைய பாட்காஸ்ட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கயத்தாறு, கடம்பூர், கழுகுமலைப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்குப் படைப்புழு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த புழு அந்த வருஷமே இங்கே குருத்துக்குள் இறங்கிவிட்டது. 'படைப்புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி' என்று ஒரு எபிசோடு போட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு தலைப்புக்குப் போனால் அது வெறும் பேச்சு. இந்த வாரம் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கச் சொல்லி, அடுத்த வாரம் வைத்த நாலு பேரைப் பொறியில் எத்தனை விழுந்தது என்று சொல்லவைத்து, விழவில்லை என்பவரிடம் எந்த உயரத்தில் கட்டினீர்கள் என்று கேட்டால், அதற்குப் பெயர் மன்றம். வாட்ஸ்ஆப் குரல்பதிவு இருக்கிற காலத்தில் புனேயில் கடிதம் எழுதிச் செய்ததை இரண்டே நாளில் செய்யலாம்.

*

"சுத்தத் தமிழில் பேசினால்தான் மதிப்பு."

கி. ராஜநாராயணனின் இடைசெவல் கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஊர்ப் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கியவர் அவர். 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே போட்டார். 1991-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவருடைய ஊரிலிருந்து பேசுகிறவர்கள் தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டு மைக் முன்னால் உட்காருவதைப் போல வருத்தமான காரியம் இல்லை.

தெலங்கானாவின் ஜகீராபாத் பக்கம், கரிசலைப் போலவே மானாவாரிச் சிறுதானியம் விளைகிற வறண்ட நிலத்தில், மாச்சனூர் என்ற ஊரிலிருந்து 2008 முதல் சங்கம் ரேடியோ ஒலிக்கிறது. நடத்துவது தலித் பெண்கள். தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசுகிறார்கள். நகரத்து வானொலியின் மொழியில் தங்களைத் தேடிக் காணாததால்தான் தனி வானொலி கேட்டார்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலியும் அப்படித்தான்.

கம்மாயை நீர்நிலை என்றும், பருத்திமாரைப் பயிர்க்கழிவு என்றும் சொல்லும் குரலைக் கேட்டதுமே, இவர் வயலுக்கு வராதவர் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். 'அண்ணாச்சி, இந்த வருஷம் பாசிப்பயறு என்ன ஆச்சு?' என்று தொடங்கும் குரல் அந்த இடத்திலேயே பாதித் தூரம் வந்துவிடுகிறது. வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்ற கவலையும் தேவையற்றது. கி.ரா.வைச் சென்னையிலும் கொழும்பிலும் படித்தார்கள்.

*

எண்ணிக்கையைப் பற்றிய மயக்கம் இன்னொன்று. 'பத்தாயிரம் டவுன்லோடு வந்தால்தான் பாட்காஸ்ட்' என்பார்கள். டவுன்லோடு என்பது எதை எண்ணுகிறது என்று தெரிந்தால் அந்த மயக்கம் கொஞ்சம் தெளியும். விளம்பரத் துறை பின்பற்றும் ஐஏபி அளவுகோலின்படி, ஒரு நிமிடத்துக்கான ஒலியாவது போனில் இறங்கியிருந்தால் அது ஒரு டவுன்லோடு. இறங்கியதை யாராவது கேட்டார்களா என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளின் 17-ஆம் பதிப்பில், கேட்காமல் குவிந்து கிடக்கும் எபிசோடுகளைத் தானாக இறக்குவதைக் குறைத்தது. உலகின் பெரிய பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. அதனால் கேட்பவர்கள் குறைந்துவிடவில்லை. கேட்காத கோப்புகள்தான் குறைந்தன.

கயத்தாறு வட்டாரத்து மானாவாரி விவசாயிகள் 200 பேர் வாராவாரம் ஒரு நிகழ்ச்சியை முடிவுவரை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே 200 பேரை வாராவாரம் ஒரு கூட்டத்துக்கு வரவைக்க எந்தச் சங்கத்தாலும் எளிதில் முடியாது. எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதைவிட, பாதியில் எத்தனை பேர் போய்விட்டார்கள், எத்தனை பேர் திரும்பக் கேள்வி அனுப்பினார்கள் என்று பார்ப்பது பயனுள்ள கணக்கு. பாதியில் போனவர்களின் கணக்கை ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் இலவசமாகவே காட்டுகின்றன. கேள்வி அனுப்பியவர்களை நிகழ்ச்சிக்காரரே எண்ண வேண்டும்.

'இது வீடியோ காலம், ஒலியை யார் கேட்பார்?' என்பதும் அரைகுறை உண்மை. பாட்காஸ்ட்டை யூடியூபில் பார்ப்பவர் மிகப் பலர். மாதம் 100 கோடிப் பேர் என்று 2025-ல் யூடியூபே அறிவித்தது. ஆனால் கண்ணும் கையும் வேலையில் இருக்கும்போது காது மட்டும் சும்மா இருக்கும் மனிதர்கள் நிறைந்த வட்டாரம் இது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர், பருத்தி எடுக்கிறவர், திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் இடையே நான்குவழிச் சாலையில் லாரி ஓட்டுகிறவர் எவரும் திரையைப் பார்க்க முடியாது, கேட்க முடியும். யூடியூபிலும் போடலாம், தவறில்லை. அதில் மட்டும் போடுவதுதான் ஆபத்து. கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியை 2024-ல் அந்த நிறுவனமே மூடியது. புது எபிசோடுகளைச் செயலிகளுக்கு அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையைச் (RSS feed) சொந்தமாக வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சி வேறு செயலிகளில் அப்படியே தொடர்ந்தது, ஏனென்றால் அந்த ஓடையின் முகவரி எந்தச் செயலிக்கும் சொந்தமில்லை.

சட்டம் பற்றிய இரண்டு நம்பிக்கைகளைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். பாட்காஸ்ட்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். லைசென்ஸ் வேண்டியது சமுதாய வானொலிக்கு. தனிமனிதர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது, ஒலிபரப்பின் வலுவும் பொதுவாக 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும். பாட்காஸ்ட்டுக்கு அந்த அனுமதிகள் தேவையில்லை. அவதூறு போன்ற பொதுவான சட்டங்கள் எல்லோருக்கும்போல இதற்கும் உண்டு. அடுத்தது, '30 வினாடிக்குக் குறைவாகச் சினிமாப் பாட்டைப் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வராது' என்பது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி வினாடிக் கணக்கு எதுவுமே இல்லை. பாட்டுக்குப் பதிலாக ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, கூலி கொடுத்து, ஒரு தொடக்க இசையைப் பதிந்துகொள்வது நல்லது.

விளம்பரம் வாங்கினால் நம்பிக்கை போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. உரக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் விடுவதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் துறை 2023-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதை நேயருக்குத் தெளிவாகச் சொல்லக் கேட்கின்றன. மருந்துக்கடைக்காரரின் பேச்சை யோசித்து எடுத்துக்கொள்ளத் தெரிந்த விவசாயிக்கு, யார் காசு கொடுத்தது என்று தெரிந்தால் மீதியை அவரே எடைபோட்டுக்கொள்வார்.

கடைசியாக, 'தப்பை ஒத்துக்கொண்டால் பேர் கெட்டுவிடும்' என்ற நினைப்பு. விவசாய நிகழ்ச்சியில் இது விளையாட்டல்ல. பத்து லிட்டர் டேங்குக்கு நாலு மில்லி என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாற்பது என்று வாய் தவறினால் பயிர் கருகும், தெளிக்கிறவர் உடம்பும் கெடும். கேட்பவர் சோதித்துப் பார்க்கிற ஊரில் அந்தத் தப்பு எப்படியும் வெளியே வரும். நிகழ்ச்சிக்காரர் முந்திக்கொள்கிறாரா என்பதுதான் கேள்வி. இதில் பலர் கவனிக்காத தொழில்நுட்ப விஷயம் ஒன்று உண்டு. பாட்காஸ்ட் ஏற்றும் தளத்தில் பழைய ஒலிக்கோப்பை எடுத்துவிட்டுத் திருத்திய கோப்பை வைக்க முடியும். ஆனால் முன்பே இறக்கிவைத்தவர்களின் போனில் பழைய குரல் அப்படியே இருக்கும், அது மாறாது. வாட்ஸ்ஆப்பில் கைமாறிய துண்டும் மாறாது. ஆகவே கோப்பை மாற்றுவதோடு நிற்காமல், அடுத்த எபிசோடுக்குக் காத்திருக்காமல், அன்றைக்கே ஒரு நிமிடத் திருத்தத்தைத் தனி எபிசோடாகப் போட்டு, தலைப்பிலேயே மருந்தின் பெயரையும் சரியான அளவையும் எழுத வேண்டும். எபிசோடைத் திறந்து கேட்காதவர் கண்ணிலும் அது படும்.